மிம்பரில் இளைஞர், முன் வரிசையில் மூத்தோர்

கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே இறங்கும் பிரதான வீதியில் ஏதாவது ஒரு ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்து பாருங்கள். மிம்பரில் ஏறி நிற்கிற மௌலவி பல ஊர்களில் இளவயதுக்காரராக இருப்பார். அரபுக் கல்லூரியில் ஆறேழு வருடம் ஓதிப் பட்டம் வாங்கியவர்; வேறூர்க்காரராகவும் இருக்கலாம். அவருக்கு நேர் கீழே முதல் ஸஃப்பில் இருப்பவர்கள் மரைக்காயர்கள், நிர்வாக சபையார், ஊர்ப் பெரியவர்கள். குத்பா ஓதப்படும் வரை அவர்கள் கேட்போர். தொழுகை முடிந்து கூட்டம் கூடினால் அந்த மௌலவியின் சம்பளமும் தங்குமிடமும் அடுத்த நோன்புக்கு அவர் இங்கே இருப்பாரா என்பதும் அவர்கள் கையில்.

மரைக்காயர் முறை இந்தக் கரையின் தனிச் சொத்து. இங்கே முஸ்லிம்களும் தமிழர்களைப் போலவே தாய்வழிக் குடி பார்ப்பவர்கள். ஒவ்வொரு குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்காயர். மரைக்காயர்கள் சேர்ந்தால் பள்ளியின் நிர்வாகம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் வந்தபிறகு நம்பிக்கையாளர் சபை, பதிவு, கணக்கு என்று அரச முறை மேலே ஏறிக்கொண்டாலும் அடியில் குடி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தச் சபைகளின் கனம் தெரியாதவர்கள் 2018 உள்ளூராட்சித் தேர்தலை நினைத்துக்கொள்ளலாம். சாய்ந்தமருதில் தனி உள்ளூராட்சிச் சபை கேட்டு, பள்ளிவாசலின் தலைமையிலேயே ஒரு சுயேச்சைக் குழு களத்தில் இறங்கியது. கட்சிகள் அதிர்ந்துபோயின.

ஆக, ஓதிக்கொடுக்கிற உரிமை ஓரிடத்தில், ஊரை ஆளுகிற உரிமை இன்னோரிடத்தில். முதலாவது இளைஞனிடம், இரண்டாவது மூத்தோரிடம். இந்த இரண்டும் மோதினால் யார் பக்கம் நியாயம்? இளம் ஆசிரியனின் வார்த்தைக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது? இந்தக் கேள்வியோடு ஆதித் திருச்சபை இருநூறு முந்நூறு ஆண்டுகள் வெளிப்படையாக மல்லுக்கட்டியிருக்கிறது; மல்லுக்கட்டியதை எழுதியும் வைத்திருக்கிறது. மெதடிஸ்த ஆலயமும் கத்தோலிக்க ஆலயமும் பள்ளிவாசல்களும் கோயில்களும் அடுத்தடுத்து நிற்கிற, முஸ்லிம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மிஷன் பாடசாலைகளில் படித்த கல்முனைக்கு அந்த எழுத்து அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

அதில் முதலில் வருபவர் திமோத்தேயு. இன்றைய துருக்கியின் உட்பகுதியிலிருந்த லீஸ்திரா என்ற சிற்றூர்க்காரர். தகப்பன் கிரேக்கர், தாய் யூதப் பெண். கி.பி. 50ஐ ஒட்டிய காலத்தில் அப்போஸ்தலர் பவுலோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனவர். அவர் பெயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், அவருடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்கிறது. தகப்பனின் பெயர் எங்கும் இல்லை. தாய்வழிக் குடி சொல்லிப் பழகிய எங்கள் ஊரவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இந்த இளைஞனை எபேசுவில் விட்டுவிட்டுப் பவுல் போகிறார். எபேசு சிற்றூர் இல்லை. ஆசியா மாகாணத்தின் பெருந்துறைமுகம், ஆர்ட்டெமிஸ் கோயிலால் உலகப் புகழ்பெற்றது. அங்கே சபைக்கு ஏற்கனவே மூப்பர்கள் இருந்தார்கள். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல், பவுல் அந்த மூப்பர்களை மிலேத்துவுக்கு அழைத்துக் கண்ணீரோடு விடைபெற்றதைச் சொல்கிறது. வேற்றூரிலிருந்து வந்த ஓர் இளைஞன், ஊரில் வேரூன்றிய மூப்பர்கள், அங்கே சிலர் போதிக்கிற தவறான உபதேசம். அந்த உபதேசத்தை நிறுத்தச் சொல்லி இளைஞனுக்கு உத்தரவு. சங்கடம் நமக்குப் பழகியதுதான்.

முதலாம் நிருபம் அவருக்குச் சொல்வதன் சாரம்: உன் இளமையைக் காட்டி யாரும் உன்னை இழிவாக எண்ண இடம்கொடாதே, பேச்சிலும் நடத்தையிலும் அன்பிலும் தூய்மையிலும் முன்மாதிரியாக இரு, வேதத்தைச் சபையில் வாசி, புத்தி சொல், கற்பி. இந்தப் பகுதி கிறிஸ்தவ இளைஞர் முகாம்களில் சுவரில் ஒட்டுகிற வாசகமாகவே ஆகிவிட்டது. இளைஞனுக்குச் சொன்ன ஊக்க மொழி என்றே எல்லோரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை. நிருபங்கள் சபை கூடியிருக்கையில் உரக்க வாசிக்கப்பட்டவை. ஒருவருக்கு எழுதியதாகத் தொடங்கும் இந்த நிருபம் முடியும்போது பலரையும் சேர்த்து வாழ்த்துகிறது. அப்படியானால் இளமையை இழிவாக எண்ணக்கூடாது என்ற வரி வாசிக்கப்பட்டபோது, இழிவாக எண்ணிக்கொண்டிருந்த மூப்பர்களே எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞனுக்குப் பேசுவதுபோல மூத்தவர்களுக்குப் பேசுகிற கடிதம் அது.

இதை வெறும் ஊகமென்று தள்ளாதிருக்க இன்னொரு சான்று உண்டு. பவுலே எழுதினார் என்பதில் அநேகமாக எவருக்கும் ஐயமில்லாத கொரிந்தியர் முதலாம் நிருபத்தின் கடைசியில், திமோத்தேயு வந்தால் அவர் உங்களிடையே பயமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அவரை எவரும் அற்பமாக எண்ண வேண்டாம் என்று கொரிந்து சபைக்கே நேரடியாகச் சொல்கிறார். பயப்படாதே என்று இளைஞனிடம் சொல்வதும், அவனைப் பயப்படுத்தாதீர்கள் என்று ஊரிடம் சொல்வதும் ஒன்றாகாது. இரண்டாவதைச் சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் குறைவு.

இளைஞனுக்கும் கடிவாளம் உண்டு. முதியவரைக் கடிந்துகொள்ளாதே, தகப்பனிடம் சொல்வதுபோலச் சொல். முதிய பெண்களிடம் தாயிடம்போல, இளம் பெண்களிடம் சகோதரியிடம்போல எல்லாத் தூய்மையோடும் பேசு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக்காதே, பெருமை தலைக்கேறும். யார் மேலும் அவசரப்பட்டுக் கை வைத்து நியமிக்காதே. ஆனால் அதே நிருபத்தில் மூப்பர்களைப் பற்றிய இரண்டு விதிகள் இருக்கின்றன. நன்றாக நடத்துகிற மூப்பர்களுக்கு, அதிலும் போதிப்பதில் பாடுபடுகிறவர்களுக்கு, இரட்டிப்பு மதிப்பு உரியது. மூப்பர் ஒருவர்மீது குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே. குற்றம் உறுதியானால் எல்லோர் முன்னிலையிலும் கண்டி. கவனியுங்கள்: மூப்பர்மீதான முறைப்பாட்டைக் கேட்டுத் தீர்க்கிற அதிகாரம் முப்பதுகளைக் கடந்திராத ஒருவரிடம் கொடுக்கப்படுகிறது. வயதுக்கு மரியாதை குறையவில்லை. வயது விசாரணைக்கு அப்பாற்பட்டதாகவும் இல்லை.

இந்த நிருபங்களைப் பவுலே எழுதினாரா என்பது பழைய விவாதம். ஜெர்மானிய அறிஞர் ஷ்லையர்மாகர் 1807இல் திமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தைப் பற்றி ஐயம் எழுப்பினார். இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இவை பவுலுக்குப் பின்னால், முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டவை என்கிறார்கள். பவுலே எழுதினார் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இரண்டும் பயன்படும். பின்னால் எழுதப்பட்டவை என்றால், திமோத்தேயு இறந்த பிறகும் இளம் தலைவர்களின் சிக்கல் ஓயவில்லை, அதைத் தீர்க்கப் பவுலின் பெயரையே துணைக்கழைக்க வேண்டியிருந்தது என்றாகிறது.

இன்னொரு நுணுக்கம். திமோத்தேயுவின் மேல் வைக்கப்பட்ட கைகள் யாருடையவை? முதலாம் நிருபம் மூப்பர் சபையின் கைகள் என்கிறது. இரண்டாம் நிருபம் பவுலின் கைகள் என்கிறது. முரண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் தேவைப்பட்டன என்றே எனக்குப் படுகிறது. அனுப்புகிறவரின் கை மட்டும் இருந்தால் ஊர் அவனை வேற்றாளாகப் பார்க்கும். ஊர் மூத்தோரின் கை மட்டும் இருந்தால் அவன் அவர்களுடைய ஆள், அவர்களிடம் கசப்பான எதையும் சொல்ல அவனுக்கு வாய் இருக்காது.

தமிழ் மரபு இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. இளவயதில் பட்டமேறிய கரிகாலனிடம் வழக்கோடு வந்த முதியவர்கள் இருவர், இந்தச் சிறுவனா நீதி சொல்லப்போகிறான் என்று தயங்கினார்களாம். அவன் உள்ளே போய் நரைமுடி தரித்துக் கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னானாம். அழகான கதை. தீர்ப்பு சரியாக இருந்தது. ஆனால் முதியவர்களின் தயக்கம் தப்பென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. எபேசுவுக்குப் போன கடிதம் நரைமுடி அனுப்பவில்லை.

இளைஞர் பக்கம்தான் எப்போதும் நியாயம் இருந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. கி.பி. 96ஐ ஒட்டி ரோமாபுரிச் சபை கொரிந்துவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. கிளெமெந்துவின் முதலாம் நிருபம் என்று அறியப்படுவது. கொரிந்தில் குற்றமற்று ஊழியம் செய்த மூப்பர்களைச் சிலர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இளையோர் மூத்தோருக்கு எதிராக எழும்பினார்கள் என்று கடிதம் வருந்துகிறது. அப்போஸ்தலர்கள் நியமித்தார்கள், அவர்களுக்குப் பின் தகுதியானவர்கள் சபை முழுவதும் இசைய நியமித்தார்கள், அப்படி வந்தவர்களைக் காரணமில்லாமல் இறக்குவது பாவம் என்பது அதன் வாதம். கடிதத்தைக் கொண்டுபோனவர்கள் மூவர்: கிளவுதியு எபேபு, வலேரியு பித்தோ, பொர்த்துநாத்து. இளமை முதல் முதுமை வரை எங்களிடையே குற்றமின்றி வாழ்ந்தவர்கள் என்று ரோமாபுரி அவர்களை அறிமுகப்படுத்தியது. ஒரு மனிதனின் முழு ஆயுளையே சாட்சிப் பத்திரமாக அனுப்புவதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

கொரிந்துக்கு நேர் எதிர்ப் படம் மக்னேசியாவில். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ் வழியில் சிமிர்னாவில் தங்கி எழுதிய கடிதங்களில் ஒன்று மக்னேசியருக்கு. அவர்களுடைய ஆயர் தமாஸ் இளைஞர். அவர் வயதைச் சாக்காக வைத்து அவரிடம் உரிமை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சபைக்கு இக்னேஷியஸ் எழுதுகிறார். அங்குள்ள மூப்பர்கள் அப்படிச் செய்யாமல் அவருக்கு இடம்விட்டதைப் புகழ்கிறார். பாஸஸ், அப்பொல்லோனியு என்ற அந்த மூப்பர்களின் பெயர்களும் கடிதத்தில் இருக்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இரண்டு முதியவர்களின் பெயர் நிலைத்திருப்பதற்கு, இளைஞன் ஒருவனுக்கு அவர்கள் காட்டிய மரியாதையும் ஒரு காரணம். நான்காம் நூற்றாண்டில் இந்தக் கடிதத்தைப் பெருக்கி எழுதிய எவரோ ஒருவர், தானியேல், சாமுவேல், எரேமியா, யோசியா என்று சிறுவயதிலேயே அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை உள்ளே செருகினார். அப்போதும் வாதம் முடியவில்லை என்பதற்கு அந்தச் செருகலே சாட்சி.

பிறகு வயதைச் சட்டமாக்கும் முயற்சிகள் வருகின்றன. மூன்றாம் நூற்றாண்டுச் சிரிய ஒழுங்குநூலான திதாஸ்கலியா, ஆயருக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றது. சிறிய சபையில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் நற்சாட்சி பெற்ற இளைஞரை வைக்கலாம் என்று தானே கதவைத் திறந்தும் வைத்தது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெயோசெசாரியாவில் கூடிய சங்கம், இயேசு ஞானஸ்நானம் பெற்ற வயதைக் காட்டி, மூப்பராக முப்பது வயது வேண்டும் என்று வரையறுத்தது. ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் வேறு விதமாகக் கையாண்டார். கி.பி. 250 வாக்கில் துன்புறுத்தலில் அசையாமல் நின்ற அவுரேலியு என்ற இளைஞனை, தகுதிப்படி இதைவிட மேலான பதவி உரியது, வயதுக்காக இப்போது வாசகராகத் தொடங்கட்டும் என்று நியமித்தார். முதலில் வாசி, பிறகு பேசு என்ற படிக்கட்டு அது.

இந்தப் படிக்கட்டுக்குள் அடங்காதவர் ஓரிகன். அலெக்சாந்திரியாவில் தகப்பன் கொல்லப்பட்ட சிறிது காலத்தில், பதினெட்டாவது வயதில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோருக்குக் கற்பிக்கிற பொறுப்பு அவரிடம் வந்ததாக வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். ஆசிரியர் என்ற புகழ் ஓங்கியது. குருத்துவப் பதவி எதுவும் இல்லை. பாலஸ்தீனத்து ஆயர்கள் அவரைத் தங்கள் முன்னிலையில் பிரசங்கிக்க அழைத்தபோது அலெக்சாந்திரியாவின் ஆயர் தெமெத்ரியு கொதித்தார்: பதவியில்லாதவன் ஆயர்கள் இருக்கும் இடத்தில் பிரசங்கிப்பதா? பாலஸ்தீனத்து ஆயர்கள் பின்னாளில் அவரைக் குருவாக்கினார்கள். தெமெத்ரியுவின் கோபம் இன்னும் ஏறியது. ஓரிகன் ஊரைவிட்டுச் செசரியாவில் குடியேறினார். அறிவும் பதவியும் வெவ்வேறு கைகளில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு ஆதித் திருச்சபையில் இல்லை. பிரசங்கத்தைக் கேட்டு ரசித்த நிர்வாகசபை மறுமாதமே ஆளை மாற்றிய கதைகள் எந்தக் கரையிலும் உண்டு.

இந்தக் கேள்வியை இஸ்லாமிய மரபும் தொடக்கத்திலேயே சந்தித்தது. புகாரி கிரந்தத்தில் அம்ர் பின் ஸலிமாவின் செய்தி வருகிறது. அவர்களுடைய கூட்டம் இஸ்லாத்தை ஏற்றபோது, வழிப்போக்கர்களிடம் கேட்டுக்கேட்டு அதிகமாகக் குர்ஆனை மனனம் செய்திருந்தவன் ஆறேழு வயதுச் சிறுவன். அவனையே தொழுகை நடத்த வைத்தார்கள். அவனிடமிருந்த போர்வை சிறியது, ஸஜ்தாவில் மேலேறியது. ஒரு பெண் அதைச் சொல்லிக் கேலி செய்ய, துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்கு மகிழ்ந்ததுபோல் எதற்கும் மகிழவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். சிறுவனை முன்னே நிறுத்தி, அவனுக்கு வேண்டிய துணியை ஊரே தேடிக் கொடுத்தது.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் நியமனம் இன்னும் கூர்மையானது. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இருபது வயதளவிலிருந்த உஸாமாவைப் படைத்தளபதியாக்கினார்கள். படையில் மூத்த தோழர்கள் இருந்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது. இவனுடைய தகப்பன் தளபதியானபோதும் இப்படித்தான் முணுமுணுத்தீர்கள் என்று நபியவர்கள் முணுமுணுத்தவர்களைக் கண்டித்தார்கள். நபியவர்கள் வபாத்தான பிறகு ஆளை மாற்றும்படி வந்த யோசனையை அபூபக்ர் (ரலி) ஏற்கவில்லை. பத்ர் வீரர்களான முதியவர்களின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸை உமர் (ரலி) உட்காரவைத்தார்; எங்களுக்கும் இந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சிலர் முறைப்பட்டபோது, அவர்கள் முன்னாலேயே ஒரு சூராவின் பொருளைக் கேட்டு அவருடைய தகுதியை வெளிப்படுத்தினார். நாங்கள் பின்பற்றுகிற மத்ஹபின் இமாம் ஷாபிஈ பதினைந்து வயதளவிலேயே ஃபத்வா கொடுக்க ஆசிரியரின் அனுமதி பெற்றவர் என்று வரலாறுகள் கூறுகின்றன. இமாம் மாலிக், எழுபது அறிஞர்கள் தகுதியைச் சாட்சி சொன்ன பிறகே ஃபத்வா கொடுக்க உட்கார்ந்ததாகச் சொன்னார்.

எழுபது சாட்சி என்பது முக்கியம். யாரிடம் ஓதினாய், அவர் யாரிடம் ஓதினார் என்ற ஸனது வரிசையும் ஆசிரியர் தருகிற இஜாஸாவும் இந்த மரபின் முதுகெலும்பு. திமோத்தேயுவுக்கான இரண்டாம் நிருபத்தில் இதற்கு ஒப்பான கட்டளை ஒன்று உண்டு: பல சாட்சிகள் முன்னிலையில் என்னிடம் கேட்டதை, பிறருக்கும் கற்பிக்கத் தக்க நம்பகமானவர்களிடம் ஒப்படை. பவுல், திமோத்தேயு, நம்பகமானவர்கள், அவர்களிடம் கேட்பவர்கள் என்று நான்கு தலைமுறை ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றன. கற்பிப்பவன் தன் வயதால் பேசவில்லை, தான் கேட்டதைப் பலர் அறியப் பேசுகிறான் என்பதே இரு மரபுக்கும் பொதுவான அடித்தளம்.

கிழக்கிலங்கைக்கு இந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்த நிலையில் வந்து சேர்ந்தது. 1813 டிசம்பர் 30ஆம் திகதி டாக்டர் தாமஸ் கோக் ஆறு வெஸ்லியன் மிஷனரிகளோடு இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். கோக், 1784இல் ஜான் வெஸ்லியே கை வைத்து நியமித்தவர். அதே ஆண்டு அமெரிக்காவில் பிரான்சிஸ் ஆஸ்பரியை நியமிக்கப் போனபோது, உங்கள் நியமனம் மட்டும் போதாது, சக பிரசங்கிகளும் என்னைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று ஆஸ்பரி கேட்டு அப்படியே நடந்தது. திமோத்தேயுவின் மேல் வைத்த அந்த இரு தரப்புக் கைகளும் மறுபடி. இந்தியப் பெருங்கடலில் 1814 மே 3ஆம் திகதி கோக் தமது அறையில் இறந்துகிடந்தார். வயது 66. திட்டமும் பணத் தொடர்பும் மொத்தமாக அவரிடமே இருந்தன. உடலைக் கடலில் இறக்கிவிட்டு மிஞ்சியவர்கள் பம்பாயை அடைந்தபோது கையில் எதுவும் இல்லை. அங்கிருந்த ஒரு வணிகர் நம்பிக் கடன் கொடுத்தார். அறுவரில் ஒருவரான ஹார்வர்ட் மனைவியோடு பின்தங்க, மற்ற ஐவரும் ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள்.

இனி யார் தலைவர்? தங்களுக்குள் கூடி, யார் எங்கே என்பதைச் சீட்டு எழுதித் தீர்த்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம், எர்ஸ்கின் மாத்தறை, இருபத்து மூன்று வயதுக்குக் கிட்டிய கிளஃப் காலி, வில்லியம் ஆல்ட் மட்டக்களப்பு. பயணத்தின்போதே மனைவியைக் கடலுக்குக் கொடுத்திருந்தவர் ஆல்ட். தனியாளாக மட்டக்களப்பு வந்தவர் தமிழ் படித்தார், பாடசாலைகள் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயில் இறந்தார். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது கல்முனைப் பக்கம் இருக்கிற மெதடிஸ்த ஆலயங்களும் வெஸ்லியின் பெயர் தாங்கிய பாடசாலையும் அந்த மிஷனின் தொடர்ச்சி.

ஆல்ட்டை அனுப்பிய கோக் இல்லை, மேலே மூப்பர் சபை இல்லை. இது சுதந்திரம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆல்ட்டும் தோழர்களும் அப்படி நினைக்கவில்லை. பொறுப்பைச் சகபாடிகளிடையே பகிர்ந்து, நடப்பதை லண்டனுக்குக் கடிதங்களில் ஒப்புவித்துக்கொண்டே இருந்தார்கள். மேலே ஆளில்லாதபோது தங்களுக்கு மேல் ஓர் ஆளைத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இளைஞர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

நூறு வருடம் கழித்து, அதே மிஷன் உலகத்தில், மறுபக்கத்தின் கதை. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தபோது, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் செலவில் தமிழ்நாட்டுக்கே மிஷனரி அனுப்புவதைப் பார்த்தார். மறுவருடம் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் இந்தியருக்கு எல்லாம் கொடுத்தார்கள், தோழமையை மட்டும் கொடுக்கவில்லை என்ற பொருளில் அவர் பேசியபோது வயது 35. 1912 டிசம்பர் 29இல் தோர்ணக்கல் ஆயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார். எதிர்ப்பு வெள்ளைக்கார மிஷனரிகளிடமிருந்தும் வந்தது, சொந்த நாட்டுக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் வந்தது. இங்கே இழிவாக எண்ணப்பட்டதில் வயதும் நிறமும் சாதியும் கலந்திருந்தன. ஆதிச் சபையின் கேள்வி காலனி நாட்டில் இப்படித்தான் உருமாறியது.

எங்கள் கரைக்குத் திரும்பினால், கடந்த ஐம்பது வருடத்தில் பள்ளிகளுக்குள் நடந்ததில் கொரிந்தும் உண்டு, மக்னேசியாவும் உண்டு. முன்பு லெப்பைமார் ஓதிக்கொடுத்தார்கள், கத்தம் ஓதினார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேறியது, இப்போதும் ஏறுகிறது. பிறகு புதிய கல்வியோடு, சிலர் வெளிநாட்டுப் பட்டத்தோடு, இளைஞர்கள் வந்தார்கள். கொடி தப்பு, கத்தம் தப்பு என்று தகப்பன்மாருக்கும் பெரியப்பாமாருக்கும் முகத்துக்கு நேரே சொன்னார்கள். உள்ளடக்கத்தில் யார் சரி என்பதை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. பேசிய விதத்தில் முதியவரைக் கடியாதே என்ற விதி பல இடங்களில் மீறப்பட்டது. ஊர்ப் பெரியவர்களும் கேள்வியைக் கேள்வியாக எடுக்காமல், நேற்றுப் பிறந்தவன் என்று வயதால் அடித்தார்கள். ஒரே ஊரில் பள்ளிகள் பிரிந்தன.

அந்தப் பிரிவின் மிக இருண்ட முனை 2019. ஈஸ்டர் ஞாயிறு தாக்குதலை வழிநடத்திய காத்தான்குடிக்காரர், ஓதிய மதரஸாவிலிருந்து இடையில் வெளியேற்றப்பட்டவர். தனக்கென ஓர் அமைப்பை உண்டாக்கித் தானே போதகரானவர். அவருக்கு இஜாஸா கொடுத்தவர் எவருமில்லை; அவரைக் கேள்வி கேட்கிற இடத்தில் எவரையும் அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் ஞாயிறுப் பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள் இறந்தார்கள். ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் அவருடைய குடும்பத்தார் இருந்த வீட்டில் குண்டுகள் வெடித்து, அங்கும் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்கள் அயலவர்கள்தான். அந்தக் கொடுமைக்குப் பின்னால் அரசியலும் பணமும் உளவுத்துறையின் அசட்டையும் இருந்தன. அதை ஸனது பிரச்சினையாக மட்டும் சுருக்குவது தவறு. ஆனாலும் அனுப்புகிற கையும் இல்லாமல், ஏற்கிற கையும் இல்லாமல் ஒருவன் போதகனாகலாம் என்ற நிலை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இயல்பான எதிர்வினை, அன்றிலிருந்து, இளம் மௌலவிகளை இறுக்கிப் பிடிப்பது: பாடத்திட்டம், பதிவு, குத்பாவைக் கண்காணிப்பது.

இறுக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான். இரண்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட திதாக்கே என்ற சிறுநூல், வந்துசேருகிற போதகனைச் சோதிக்க விதி தருகிறது: இரண்டு நாளுக்கு மேல் தங்கினால், காசு கேட்டால் அவன் பொய்யன். அதே நூல், உண்மையான போதகனுக்குச் சாப்பாடும் முதற்பலனும் கொடுக்கும் கடமையைச் சபைமேல் வைக்கிறது. நம்மிடம் சோதனை உண்டு. கடமையில் நாம் கஞ்சர்கள். மூடைநெல் விலை பார்த்து வாழ்கிற வயல்கார ஊர்களில், அரபுக் கல்லூரியில் ஆறேழு வருடம் ஓதியவரின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எவரிடமாவது கேட்டுப்பாருங்கள். அவர் பின்னேரத்தில் டியூஷனும், கடைவேலையும் பார்ப்பதன் காரணம் விளங்கும். போதிப்பதில் பாடுபடுகிறவருக்கு இரட்டிப்பு மதிப்பு என்று எபேசுவுக்கு எழுதியவர், அடுத்த வாக்கியத்திலேயே கூலியைப் பற்றித்தான் பேசினார்.

சம்பளத்தைவிடவும் கடினமானது முறைப்பாடு. மௌலவிமீது குறை என்றால் நிர்வாகத்திடம் போகலாம், பெரும்பாலும் விசாரணையே இல்லாமல் ஆள் மாறுவார். மரைக்காயர் ஒருவர்மீது குறை என்றால் மௌலவி எங்கே போவது? சட்டப்படி வக்பு சபை உண்டு, அது கொழும்பில். இரண்டு மூன்று சாட்சிகளை வைத்து ஊருக்குள்ளேயே அந்த முறைப்பாட்டைக் கேட்கிற ஒழுங்கு, எபேசுவில் ஓர் இளைஞனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எங்கள் ஊர்களில் அந்த இளைஞன் வழக்கமாகச் செய்வது பாயும் கிதாபும் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்ப் பள்ளியில் இடம் தேடுவதுதான்.